முதியோர் இல்லமா, ஏஜென்சியா, தனி வீடா: பெங்களூரில் பராமரிப்பு வேலை தேடுகிறவர்களுக்கு

லிங்கராஜபுரம், ஈஜிபுரா, ஸ்ரீராமபுரம் பக்கம் கார்மென்ட்ஸுக்கோ வீட்டு வேலைக்கோ போய்க்கொண்டிருந்த நம் பெண்கள் பலர் இப்போது "வயசானவங்களைப் பாத்துக்கிற வேலை இருக்குமா அக்கா?" என்று கேட்டு வருகிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து ஓசூர் வழியாக வந்து இறங்குகிறவர்களும் உண்டு. வேலைக்குப் பஞ்சம் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஜெயநகரிலும் மல்லேஸ்வரத்திலும் தனியே என்ற குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் குழப்பம். கட்டண முதியோர் இல்லம், தர்ம இல்லம், ஏஜென்சி மூலம் வீட்டு டியூட்டி, நேரடியாக ஒரு வீடு, ஆஸ்பத்திரி வார்டு என்று வழிகள் பல. எல்லாவற்றுக்கும் பெயர் கேர்டேக்கர், அட்டெண்டர் என்றுதான் இருக்கும். உள்ளே போனால் வேலை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு முதியோர் இல்லத்தில் மேற்பார்வை பார்க்கிறவள். ஆள் எடுக்கும்போது எதிர் நாற்காலியில் உட்காருகிறவள். அதனால் என் பேச்சில் இல்லத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கேட்கிறவர்கள் எல்லோரும் சம்பளத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். சரி, நாமும் அங்கேயே ஆரம்பிப்போம். ஏஜென்சி 24 மணி நேர டியூட்டிக்கு 24,000 தருகிறேன் என்கிறது, இல்லம் 12 மணி நேர ஷிப்டுக்கு 18,000 என்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் கை ஏஜென்சி பக்கம்தான் போகும். இப்போது மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். இல்லத்தில் மாதம் 26 நாள், நாளுக்கு 12 மணி என்றால் 312 மணி நேரம். மணிக்குச் சுமார் 58 ரூபாய். ஏஜென்சியில் 30 நாளும் 24 மணி என்றால் 720 மணி நேரம். மணிக்கு 33 ரூபாய். "ராத்திரி தூங்கத்தானே போறோம், அதையும் ஏன் சேர்க்கணும்?" என்று கேட்பார்கள். பக்கவாதம் வந்த பாட்டி பக்கத்துக் கட்டிலில் இருக்கும்போது யாரும் தூங்குவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தால் அதற்குப் பெயர் தூக்கமா?

ஆனால் 24 மணி நேர டியூட்டியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பெங்களூரில் ஒரு சின்ன ரூம் பிடிக்கக்கூட பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். ஊரில் கடன் இருக்கிறது, இங்கே தங்க இடமில்லை என்று வருகிற ஒருத்திக்கு, தங்கலும் சாப்பாடும் சேர்த்துத் தரும் வீடு பெரிய ஆறுதல்தான். சம்பளம் அப்படியே ஊருக்குப் போகும். இதே வசதியை ஹாஸ்டல் உள்ள இல்லங்களும் தருகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. பன்னேர்கட்டா ரோடு, கனகபுரா ரோடு, ஹென்னூர் தாண்டிய பகுதிகள் என ஊரின் விளிம்பில் இருக்கும் இல்லங்கள் பலவற்றில், ஆட்கள் வந்துபோவது கஷ்டம் என்பதால் கட்டில் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

கையில் வருகிற பணத்தைத் தவிர, கையில் வராத பணம் ஒன்று இருக்கிறது. அதில்தான் இல்லத்துக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வித்தியாசம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற, இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பதிவு உள்ள இடத்தில் மாதச் சம்பளம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நம் சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள். 18,000-க்கு 135 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். இந்த 135 ரூபாய்க்கு நமக்கும் குடும்பத்துக்கும் இந்திராநகர், ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் கிடைக்கிறது. போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால், உடம்பு சரியில்லாமல் லீவு போடும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை வரும். முதுகு பிடித்துக்கொள்வது இந்த வேலையின் கூடப் பிறந்தது. அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களுக்கு. அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் 1,440 ரூபாய் நம்மிடம் பிடிப்பார்கள், அதே அளவு முதலாளியும் கட்ட வேண்டும். "அக்கா, பிடிக்காம முழுசா கையில குடுத்துடச் சொல்லுங்க" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். பிடிக்கச் சொல்லுங்கள். யு.ஏ.என். எனும் பி.எஃப். கணக்கு எண்ணை வாங்கி, போனிலேயே பாஸ்புக் பார்த்து, பிடித்த பணம் நிஜமாகவே கட்டப்படுகிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு இல்லத்துக்குப் போனாலும் அதே எண்தான்.

ஏஜென்சியில் இதெல்லாம் இருக்காது என்று மொத்தமாகச் சொல்ல மாட்டேன். முறையாக நடத்தும் கம்பெனிகள் சில பயிற்சி கொடுத்து, பி.எஃப். பிடித்து, மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்கின்றன. போர்டும் ஒரு போனும் மட்டுமே உள்ள ஏஜென்சிகளில்தான் சிக்கல். வீட்டுக்காரர் அவர்களுக்குக் கொடுப்பது ஒரு தொகை, நம் கைக்கு வருவது இன்னொரு தொகை. நடுவில் எவ்வளவு என்று நமக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. "இவ்வளவு குடுக்கிறோம், இன்னும் என்ன?" என்று வீட்டம்மா முகம் சுளிப்பது அதனால்தான். அடுத்தது, தாத்தா போய்விட்டால் அன்றோடு வேலையும் போய்விடும். காரியம் முடிவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அடுத்த வீடு கிடைக்கும்வரை சம்பளம் கிடையாது. சில இடங்களில் அந்த நாட்களுக்கு ஹாஸ்டல் வாடகையை நம்மிடமே பிடிப்பார்கள். இந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்காமல் 24,000 என்று சொல்வது பாதிக் கணக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஒரு ஏஜென்சி வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்ட பிறகும் இழுத்தடித்தது. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான். பதிவுக் கட்டணம், யூனிபார்ம் அட்வான்ஸ் என்று வேலைக்கு முன்னால் பணம் கேட்கும் இடத்திலிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிடுங்கள்.

இப்போது வேலையைப் பார்ப்போம். சம்பளத்தைவிட இதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம்.

படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் பெட்சோர் என்ற படுக்கைப் புண் வந்துவிடும். இல்லத்தில் இதை எப்படிச் செய்கிறோம்? கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் விரித்திருக்கும் சின்ன பெட்ஷீட்டை ஆளுக்கொரு பக்கம் சுருட்டிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித் தூக்கி நகர்த்துவோம். இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உரசிப் புண்ணாகும். பக்கவாட்டில் சாய்த்து முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையைத் தொடாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. டயப்பர் நனைந்திருந்தால் மாற்றி, முன்னாலிருந்து பின்னால் துடைத்து, காயவிட்டுப் போட வேண்டும். பிறகு சார்ட்டில் மணியை எழுதிக் கையெழுத்து. இரண்டு பேர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. தனி வீட்டில் ஒருத்தியாகவே 70 கிலோ ஆளை இப்படித் திருப்பிப் பாருங்கள், ஒரே மாதத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டவருக்குக் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்த்தியிருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். யூரின் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்கவிட வேண்டும். இதெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். இல்லத்தில் சொல்லிக்கொடுக்க ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார், நமக்கு முன்னால் வந்த அக்காக்கள் இருப்பார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? "இன்சுலின் நீயே போட்டுடும்மா, சும்மா குத்துறதுதானே" என்று சொல்லும் வீட்டார் இருக்கிறார்கள். ஊசி போடுவது அட்டெண்டர் வேலை இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் "சும்மா குத்துறதுதானே" என்று சொன்னவர் பதில் சொல்ல மாட்டார், நாம்தான் நிற்போம். புதிதாக வருகிறவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடம் நர்ஸ் இருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களைப் பற்றி ஒன்று. நினைவு குறையக் குறைய, பின்னால் கற்ற மொழி நழுவி, சின்ன வயதில் பேசிய மொழி தங்கிவிடுவது பலரிடம் நடக்கும். அல்சூரில் பிறந்து, பி.இ.எம்.எல்., ஹெச்.ஏ.எல். என்று வேலை பார்த்து, வாழ்நாள் முழுக்க ஆபீஸில் இங்கிலீஷ் பேசிய ஒரு தாத்தா, கடைசியில் தமிழில் மட்டும் அம்மாவைத் தேடுவார். அப்போது தமிழ் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பது மருந்துக்குச் சமம். பயோடேட்டாவில் "தமிழ் பேச, படிக்கத் தெரியும்" என்பதை முதல் வரியில் போடுங்கள். இந்த ஊரில் அதற்கு விலை உண்டு. அதே நேரம் கன்னடம் இல்லாமல் ஓடாது. "ஊட்டா ஆய்தா?" (சாப்பாடு ஆச்சா?), "நோவு இதெயா?" (வலி இருக்கா?), "நீரு பேக்கா?" (தண்ணி வேணுமா?) இந்த மூன்றும் வந்துவிட்டால் அஜ்ஜிகள் (பாட்டிகள்) மீதியைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இல்லத்தில் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். நைட் டியூட்டியில் ஒரு மாடிக்கு ஒரே ஒரு ஆளைப் போட்டுவிட்டு, பெல் அடித்தால் ஓடு என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அங்கே நான் மேலே சொன்ன இரண்டு பேர் கணக்கே கிடையாது. பல இல்லங்கள் சுத்த சைவம். டப்பாவில் முட்டை கொண்டுபோனாலும் பிரச்சினை. அப்புறம் சாவு. வீட்டு டியூட்டியில் எப்போதாவது ஒன்று, இல்லத்தில் அடிக்கடி. நேற்று வரை தலை சீவிவிட்ட பாட்டியை இன்று குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றிவிட்டு, அடுத்த ரூமில் சிரித்த முகமாகக் காபி கொடுக்க வேண்டும். இது எல்லோராலும் முடியாது, முடியாததில் தப்பும் இல்லை.

சாதி கேட்பார்கள். "நீ எந்த ஊரு, எந்த ஆளுங்க?" என்று ஆரம்பித்து, உன் கையால் தண்ணி வேண்டாம் என்பது வரை போகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. இல்லத்தில் மேலே ஒருவர் வந்து, "இங்க இவங்கதான் பாத்துப்பாங்க" என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்லாத நிர்வாகமும் உண்டு, அது வேறு. வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். தொந்தரவு விஷயமும் அப்படித்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. வீடுகளில் வேலை செய்கிறவர்கள் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். சட்டத்தில் இரண்டும் இருக்கிறது. மாடிப்படி இறங்கிப் போய்ச் சொல்வதற்கும், கலெக்டர் ஆபீஸ் தேடிப் போய்ச் சொல்வதற்கும் உள்ள தூரம்தான் வித்தியாசம்.

நேரடியாக ஒரு வீட்டில் சேருவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் கமிஷன் இல்லை, நல்ல வீடாக அமைந்தால் இதைவிட நிம்மதியான வேலை கிடையாது. எழுந்து நடமாடும் ஒரு பாட்டி, துணைக்கு மட்டும் ஆள் வேண்டும், காலை எட்டு முதல் மாலை ஆறு என்றால் தயங்காமல் போகலாம்; முதுகு வலி உள்ளவர்கள், நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் என்னென்ன வேலை என்று முதல் நாளே பேசி, ஒரு பேப்பரிலோ வாட்ஸப்பிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிக்கு மட்டும் சமையல் என்று ஆரம்பித்தது மருமகள் டிபனில் போய் நிற்கும். ஏ.டி.எம். கார்டு, நகை, பீரோ சாவி எதையும் கையில் வாங்காதீர்கள், எவ்வளவு நம்பிக்கையாகக் கொடுத்தாலும்.

தர்ம இல்லங்கள் தனி ரகம். ஓசூர் ரோட்டில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையின் கன்னியாஸ்திரிகள் 1900-லிருந்து ஏழை முதியவர்களுக்கு ஒரு இல்லம் நடத்துகிறார்கள், நன்கொடையில் ஓடுவது. இந்த மாதிரி இடங்களில் பெரிய சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேலையைச் சுத்தமாக, அவசரமில்லாமல் கற்றுக்கொள்ளலாம், அந்த அனுபவத்துக்கு மதிப்பும் உண்டு.

ஆஸ்பத்திரி வார்டில் ஆக்சிஜன், சக்‌ஷன், பி.பி., சுகர் பார்ப்பது என்று நிறையக் கண்ணில் படும். கை வேகமாகும். ஆனால் பல இடங்களில் நம் முதலாளி ஆஸ்பத்திரி இல்லை, கான்ட்ராக்டர். கான்ட்ராக்ட் மாறினால் நம் சர்வீஸும் புதிதாக ஆரம்பிக்கும். மனிதர்களோடு பழகத்தான் இந்த வேலைக்கு வருகிறேன் என்பவர்களுக்கு வார்டு ஒத்துவராது. பெயர் மனதில் பதிவதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார்கள்.

சர்டிபிகேட் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: கட்டாயம் இல்லாத இல்லங்கள் நிறைய. ஆனால் ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சிலின் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் அல்லது ஹோம் ஹெல்த் எய்ட் பயிற்சி முடித்திருந்தால் பேரம் பேசலாம். மத்திய அரசின் கௌஷல் விகாஸ் என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் கட்டணம் இல்லை. டிமென்ஷியா பராமரிப்பில் ஆர்வம் இருந்தால் கஸ்தூரி நகரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளையின் மையத்தில் பயிற்சி பற்றி நேரில் போய் விசாரியுங்கள். இதில் எதை முடித்தாலும் நாம் நர்ஸ் ஆகிவிடுவதில்லை, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

விண்ணப்பிக்கப் போகும்போது ஆதார், பேங்க் பாஸ்புக், படித்த சான்றிதழ் இவற்றின் ஜெராக்ஸ், போட்டோ, முன்பு வேலை பார்த்த இடத்தின் போன் நம்பர் வேண்டும். போலீஸ் வெரிபிகேஷன் கேட்பார்கள், கோபப்பட வேண்டாம், கேட்கிற இடம்தான் நல்ல இடம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ், முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில்தான் முடியும். இல்லமே போட்டுவிடுமா என்று கேளுங்கள்.

இன்டர்வியூவில் நான் பேச்சைவிடக் கையைத்தான் பார்ப்பேன். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றிக் காட்டச் சொல்வேன். பிரேக் போடாமல் ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம். சக்கரத்தைப் பூட்டி, கால் வைக்கும் தட்டை மடித்து, நாற்காலியை அவருடைய பலமுள்ள கை கால் இருக்கும் பக்கம் சாய்வாக நிறுத்தி, "எழுந்திருக்கலாமா?" என்று அவரிடம் கேட்டு, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார வைக்க வேண்டும், படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் பி.பி. இறங்கித் தலை சுற்றும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. இவ்வளவையும் செய்தால் பாஸ். "குளிக்க மாட்டேன்னு தாத்தா அடம்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்பது இன்னொரு கேள்வி. "எப்படியாவது குளிப்பாட்டிடுவேன்" என்று சொல்கிறவரைவிட, "கொஞ்ச நேரம் விட்டுட்டு வேற ஆளை அனுப்பிக் கேட்பேன்" என்கிறவரைத்தான் எடுப்பேன்.

பஸ் வழியையும் பாருங்கள். கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் சாதாரண பி.எம்.டி.சி. (பெங்களூர் நகர) பஸ்களில் பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து டிக்கெட் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஊர் ஆதாரோடு வந்தவர்கள் தினமும் இரண்டு பஸ் மாறினால் அந்தச் செலவு சம்பளத்தில் தெரியும். கைக்குழந்தை உள்ளவர்கள் ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இல்லத்தில், பகல் ஷிப்ட் மட்டும் என்று பேசிச் சேருங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஆண்களும் வருகிறார்கள். ஆண் முதியவர்களைக் குளிப்பாட்ட, தூக்க ஆள் கிடைக்காமல் இல்லங்கள் திண்டாடுகின்றன. அந்தத் தம்பிகள் சம்பளத்தைக் கொஞ்சம் உறுதியாகவே பேசலாம்.

வேலை உறுதியானதும் ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த இல்லத்துக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். பொழுது சாயும்போது டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் படபடப்பு கூடும், ஷிப்ட் மாறும் நேரம் நெருங்கும்போது ஆள் பற்றாக்குறையும் தெரிந்துவிடும். மூத்திர வாடை வருகிறதா, பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் போகிறார்கள், ராத்திரிக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். டிரையல் என்று சொல்லிச் சில நாள் வரச் சொன்னால், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று முன்னாலேயே கேட்டு, வாரம் எந்த நாள் லீவு என்பதையும் சேர்த்து அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.